மறு: பாஞ்சோ ‘கிளாஹாமர்’ - தமிழ்ச்சொல் தேவை

> ‘நகச்சுத்தி’ என்று வைத்துவிடலாமே? நேர்ப்பொருள்.

நகச்சுத்தி வந்தால் எலுமிச்சம்பழத்தில் விரலைச் செருகிக்கொண்டு உட்காருவார்கள், பாஞ்சோ வாசிக்க மாட்டார்கள். கிளாஹாமர் என்பது ஐந்து தந்திகொண்ட பாஞ்சோ என்ற கருவியை வாசிக்கும் ஒரு முறை; அந்தப் பெயரிலுள்ள சுத்தியலை விட்டுவிடுங்கள். கை என்ன செய்கிறது என்று பார்த்துச் சொல் அமைப்போம்.

விரல்கள் தளர்வாக மடங்கியிருக்கும். அந்த வடிவம் கலையாமல் கை மணிக்கட்டிலிருந்து கீழே விழும். சுட்டுவிரல் நகத்தின் முதுகு தந்தியில் படும் (சிலருக்கு நடுவிரல்). அதே நொடியில் கட்டைவிரல், குட்டையான ஐந்தாம் தந்தியின் மேல் வந்து தங்கும். கை எழும்போது கட்டைவிரல் விலக, அந்தத் தந்தி ஒலிக்கும். விரலை விரித்துச் சுண்டினால் அடி தவறிப்போகும். நகம் விரல்நுனியைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டர் இருந்தால் போதும், நீண்டால் தந்தியில் மாட்டும்.

அமெரிக்கப் பாஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸின் மூவிரல் முறையில் சுட்டுவிரலும் நடுவிரலும் மேல்நோக்கி இழுக்கும். இங்கே விரல் இறங்கி அடிப்பது மட்டும்தான். ஆகவே சொல்லில் நகமும் அடியும் இருக்கவேண்டும். என் பரிந்துரை: நகவடி.

---

> நகவடி

‘கீழ்நோக்கி’ என்பது விடுபடுகிறதே. ‘கீழடி’ என்றால் அகழாய்வுக் குழிக்குள் போய் விழுவோம், அதுவும் ஆகாது. சிலப்பதிகாரக் கானல்வரியின் எட்டு இசைக்கரணங்களில் (யாழ் நரம்பில் விரல் செய்யும் தொழில்கள்) ‘வார்தல்’ இருக்கிறது. அந்நூலின் பழைய உரையான அரும்பதவுரை அதைச் சுட்டுவிரலின் தொழில் என்கிறது. பழஞ்சொல் கையில் இருக்கப் புதுச்சொல் எதற்கு?

---

வார்தலில் சுட்டுவிரல் மட்டும்தான். கட்டைவிரல் இல்லாமல் இந்த முறையே கிடையாது. காம்பியா, செனகல் பகுதி ஜோலா மக்களின் அகொன்டிங் என்ற தந்திக்கருவியிலும் இதே இணைதான்: நகம் கீழ்நோக்கி அடிக்க, கட்டைவிரல் குட்டைத் தந்தியை ஒலிக்கவைக்கும். 1855இல் அமெரிக்காவில் அச்சான பிரிக்ஸின் பாஞ்சோ பாடநூல் கற்பிப்பதும் கீழ்நோக்கிய அடியைத்தான். ‘மீட்டு’ என்றும் வேண்டாம். வீணை வாசிப்பவர் சுட்டுவிரலாலும் நடுவிரலாலும் கீழ்நோக்கி மீட்டுவார், சரி. ஆனால் அங்கே தாளத்தந்திகளைத் தொடுவது சுண்டுவிரல், அதுவும் மேல்நோக்கி. வீணை தெரிந்தவர் அந்தச் சொல்லைப் பார்த்ததும் தவறான விரலை நீட்டுவார்.

நகவடிக்கு என் ஒப்புதல். கீழ்நோக்கு என்பதை வரையறையில் சேர்த்துக்கொள்ளலாம்.

> அடிப்படை நடையான ‘பம்-டிட்டி’க்குத் ‘தகிட’ பொருந்துமா?

பொருந்தாது. தகிடவில் மூன்று எழுத்தும் சம அளவு. பம்-டிட்டியின் அளவு 2:1:1, அதாவது ‘தாம் தக’. புதிதாகப் பழகுபவர்களின் கை தானாகவே திஸ்ரத்துக்கு (மூன்று சம எண்ணிக்கை) ஓடும்; நாமே தகிட என்று எழுதிக்கொடுத்தால் திருத்தவே முடியாது.

திறந்த ஜி சுருதியில் (ஐந்தாம் தந்தியிலிருந்து ஜி, டி, ஜி, பி, டி) இப்படி வரும். ‘தாம்’: மூன்றாம் தந்தியில் ஒற்றை அடி. ‘த’: முதல் இரண்டு மூன்று தந்திகளை நகத்தால் வருடி அடிப்பது. ‘க’: கட்டைவிரல் ஐந்தாம் தந்தியை விடுவது. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்தால் ‘தாம்’ ஒரு தட்டு, ‘தக’ ஒரு தட்டு. ‘க’ பிந்தினால் முந்தைய அடியைப் பாருங்கள்: ‘த’ விழும்போதே கட்டைவிரல் ஐந்தாம் தந்தியில் தங்கியிருக்காது. இடக்கையால் தந்திகளை அமுக்கி ஒலியடக்கி, இந்த அசைவை மட்டும் பழகினால் சரியாகும்.

---

> ‘டிராப் தம்ப்’புக்கு ‘இறங்குகட்டை’?

‘கட்டை’ என்றதும் நம்மவர் சுருதிக் கட்டையைத்தான் நினைப்பார்கள். ‘விரலிறக்கம்’ போதும். ஆனால் ‘டபுள் தம்ப்’ வேறு என்பதைப் பதிவில் காட்டவேண்டும், இரண்டையும் குழப்புகிறார்கள். இரண்டிலும் நடை ‘தக தக’. ‘த’ எல்லாம் நகம், ‘க’ எல்லாம் கட்டைவிரல். முதல் ‘க’வும் ஐந்தாம் தந்தியிலேயே விழுந்தால் டபுள் தம்ப், அதாவது ‘இரட்டைப்பு’. நகம் முதல் தந்தியை அடித்தபின் கட்டைவிரல் இரண்டாம் தந்திக்கு இறங்கினால் விரலிறக்கம். கடைசி ‘க’ அப்போதும் ஐந்தாம் தந்திதான். ‘இரட்டைப்பு’ எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, வேறு சொல் இருந்தால் தாருங்கள்.