பரமக்குடி நம்ம வீடு (குடும்ப குரூப்)

ஜனவரி 10

கலா: எல்லாரும் கொஞ்சம் பாருங்க. வர்ஷினி காலேஜ்ல 12ம் தேதி தேசிய இளைஞர் தினம்னு ரத்ததான முகாமாம், இவ யாரையும் கேக்காம பேர் குடுத்துட்டு வந்துட்டா. அத்தை காலைலேர்ந்து சாப்பிடல

முருகன்: இப்ப யார்கிட்ட பேசணும் மதினி, அம்மாகிட்டயா அவகிட்டயா

கலா: ரெண்டு பேர்கிட்டயும்தான்

சேகர்: கலா பதட்டப்படாதம்மா, காலேஜ்ல என்.எஸ்.எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) திட்ட அலுவலரா இருந்தவன் சொல்றேன். ஜனவரி 12 விவேகானந்தர் பிறந்த நாள், 1863ல கல்கத்தால பிறந்தவரு, 1984ல மத்திய அரசு இத தேசிய இளைஞர் தினம்னு அறிவிச்சு 1985லேர்ந்து வருசா வருசம் நடக்குது. சிகாகோ போயிட்டு 1897 ஜனவரி 26 பாம்பன் குந்துகால்ல வந்து எறங்கி ராமநாதபுரம் வழியா நம்ம பரமக்குடிக்கும் வந்தாரு, இங்க வரவேற்பு பத்திரம் வாசிச்சு குடுத்துருக்காங்க, அந்த ஊர்ப் பிள்ள ரத்தம் குடுக்கப் போறேன்னா நாம தடுக்கலாமா

முருகன்: மச்சான் இத அம்மாகிட்ட சொன்னா நாளைக்கும் சாப்பிடாது 😀

ராஜி: வெள்ளையடிக்க ஆள் வந்தாச்சா

முருகன்: நாளைக்கு வர்றாங்க. சுண்ணாம்பு காசு இன்னும் யாரும் போடல

கலா: அண்ணே அவ ஒல்லிப் பிள்ள, அதான் பயமா இருக்கு

சேகர்: அதுக்குத்தான் சோதனை இருக்கும்மா. 18 வயசு முடிஞ்சிருக்கணும், எடை 45 கிலோவுக்குக் கொறையக்கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்கணும், இல்லன்னா அவங்களே திருப்பி அனுப்பிருவாங்க. 55 கிலோவுக்குக் கீழன்னா 350 மில்லிதான் எடுப்பாங்க

வர்ஷினி: நான் 47 மாமா

முருகன்: சித்திரைத் திருவிழால மயங்கி விழுந்தது யாரு

வர்ஷினி: சித்தப்பா அது சாப்பிடாம கூட்டத்துல நின்னது

ராஜி: நான் ஒண்ணு கேக்கறேன். கார்த்தி பொறந்தப்ப மதுரைல எனக்கு ரத்தம் நிக்கல. அன்னைக்கு நம்ம சொந்தத்துல எத்தன பேருக்கு போன் போட்டோம், எத்தன பேர் வந்தாங்க? முகம் தெரியாத காலேஜ் பசங்க ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து குடுத்துட்டுப் போனாங்க. அம்மாதான் அவங்களுக்கு டீ வாங்கிக் குடுத்து கையெடுத்துக் கும்பிட்டுச்சு. அவங்க வீட்லயும் வேணாம்னு சொல்லியிருந்தா இன்னைக்கு நான் இந்த குரூப்ல இல்ல

முருகன்: அக்கா நான் அன்னைக்கு திருப்பூர்ல இருந்தேன்

ராஜி: உன்னச் சொல்லலடா

முருகன்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

கார்த்தி: அம்மா இத எங்கிட்ட நீ சொன்னதே இல்ல

கார்த்தி: கலா அத்தை நான் நாளைக்கு நைட் பஸ் ஏறுறேன். 12ம் தேதி நானும் அவகூட போறேன், வெளியாள் குடுக்கலாம்னா நானும் குடுக்கறேன்

சேகர்: ரெண்டு பேரும் நல்லா சாப்பிட்டுட்டுப் போங்க, தண்ணி நெறைய குடிங்க

ராஜி: கலா, அம்மாகிட்ட போனக் குடு

கலா: அத்தை இப்பதான் ரெண்டு தோசை சாப்பிட்டாங்க. ஹீமோகுளோபின் பாத்துட்டு எங்கிட்ட சொல்லட்டும்ங்கிறாங்க. ஆனா என்.எஸ்.எஸ்ல போற அந்த ஏழு நாள் கிராம முகாமுக்கு மட்டும் அனுப்ப முடியாதாம்

வர்ஷினி: அம்மா ரெண்டு வருசத்துல 240 மணி நேர சேவையும் முகாமும் முடிச்சாதான் என்.எஸ்.எஸ் சான்றிதழ்

சேகர்: ஆமா கலா, அந்த முகாம்ல என்ன நடக்கும்னா

ராஜி: ஏங்க, அத பொங்கலுக்கு நேர்ல பேசிக்கலாம்

முருகன்: மதினி 9 மணிக்கு வண்டில நான் கொண்டுபோய் விடறேன். கரும்பு ஒரு கட்டா ரெண்டு கட்டா சொல்லுங்க

கலா: ரெண்டு. சுண்ணாம்பு காசு?