எஸ்பெராந்தோவில் "அப்பப்பா கோயிலுக்குப் போவார்" என்று எழுதுவது எப்படி?

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து):
மூன்று மாதமாக எஸ்பெராந்தோ என்ற செயற்கை மொழியைப் படிக்கிறேன். வினைச்சொற்கள் ஒரு கிழமையில் மனப்பாடமாகிவிட்டன. 'மி இராஸ்' போகிறேன், 'வி இராஸ்' போகிறாய், 'லி இராஸ்' போகிறார். ஆள் மாறினாலும் ஈறு மாறாது. இறந்தகாலம் 'இரிஸ்', எதிர்காலம் 'இரோஸ்'. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்ப்பேன்.

முந்தாநாள் பேனா நண்பருக்கு என் அப்பப்பாவைப் பற்றி எழுதினேன். உயிரோடு இருந்தவரை அவர் விடியற்காலையில் கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கு நடந்தே போவார். 'போவார்' எதிர்காலம்தானே என்று 'லி இரோஸ்' என எழுதிவிட்டேன். "எப்போது போகப் போகிறார், சுகமாக இருக்கிறாரா?" என்று பதில் வந்தது. அவர் இறந்து ஒன்பது வருடமாகிறது. வாசித்ததும் நெஞ்சு கனத்துவிட்டது. எப்படித் திருத்துவது?

பதில் (தெஹிவளையிலிருந்து):
தம்பி, நமது 'போவார்' இரண்டு வேலை செய்கிற சொல். "நாளைக்குப் போவார்" எதிர்காலம். "அந்த நாளில் போவார்" பழக்கம். இந்த மொழியை உருவாக்கிய சாமன்ஹோஃப் 1887இல் வெளியிட்ட முதல் நூலிலிருந்தே 'ஓஸ்' ஈறு வருங்காலத்துக்கு மட்டும்தான். முடிந்துபோன பழக்கத்துக்கு 'இஸ்' வர வேண்டும். 'லி இரிஸ் சியுமாதேனே' என்றால் காலைதோறும் போனார். ஆனால் அதில் 'போவார்' என்பதன் மணம் இல்லை. 'லி குதிமிஸ் இரி' என்று எழுதுங்கள்: போவதை வழக்கமாக வைத்திருந்தார். காலத்தைக் 'குதிமிஸ்' சுமக்கிறது. பின்னால் வரும் வினைக்கு வெறும் 'இ' ஈறு போதும்.

பதில் (கொட்டாஞ்சேனையிலிருந்து):
நான் இடறியது வேறிடத்தில். "நேற்று வந்தேன்" என்பதற்கு 'ஹியெராவ் வேனிஸ்' என்று எழுதினேன். யார் வந்தது என்று கேட்டார்கள். தமிழில் 'ஏன்' ஈறே ஆளைக் காட்டிவிடுகிறது. பேச்சுச் சிங்களத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: மம யனவா (நான் போகிறேன்), ஒயா யனவா (நீ போகிறாய்), எயா யனவா (அவர் போகிறார்). அங்கேயும் வினையில் ஆள் இல்லை. ஆனால் அங்கே 'மம'வை விட்டாலும் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். இங்கே 'மி' கட்டாயம். மழை போன்றவற்றுக்கு மட்டும் யாரும் வேண்டாம்: 'ப்லுவாஸ்', மழை பெய்கிறது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்று காலை 'மியா அவோ குதிமிஸ் இரி பியேதே' என்று திருத்தி அனுப்பிவிட்டேன். 'பியேதே' நடந்து என்பதற்கு. பிறகு நினைவு வந்து 'சென் ஷுவோய்' என்றும் சேர்த்தேன். அவர் செருப்புப் போடாமல்தான் போவார்.