மூன்று வருஷப் பாக்கி

குழு: குடமுருட்டிக் கரை வீடு

சங்கர்: பெரியப்பா, தகரப்பெட்டியில் இருந்த 1936 கிரயப் பத்திரத்தை ராத்திரி உட்கார்ந்து படித்தேன். 4 மா (ஒரு மா சுமார் மூன்றில் ஒரு ஏக்கர்) நஞ்சை விற்றது. எழுதிக்கொடுத்தவர் நம்ம தாத்தா! "மைனர், வயது 14, அவருக்காகக் கோர்ட்டு கார்டியனும் சிறிய தகப்பனாருமான" என்று போகிறது. தஞ்சாவூர் ஜில்லா கோர்ட்டு ஓ.பி. நம்பரும் (மனு எண்) இருக்கிறது.

பெரியப்பா: சின்னத்தாத்தா பேச்சை எடுக்காதே. அப்பா 18 முடிந்து நிலத்தைக் கேட்டபோது "இன்னும் காலம் இருக்கிறது" என்று சொல்லி 3 வருஷ விளைச்சலை அனுபவித்தவர். அதிலிருந்துதான் இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டது இல்லை.

முரளி மாமா: தம்பி, திடீரென்று கோர்ட்டுப் பேப்பர் எதற்கு? பாகம் கேட்கப் போகிறாயா? 😄

சங்கர்: ஐயோ இல்லை மாமா. வம்சாவளி எழுதத்தான்.

கீதா அக்கா: நான் வக்கீலாகச் சொல்கிறேன், பெரியப்பா கோபப்படக் கூடாது. 1875 மேஜாரிட்டி சட்டப்படி 18 வயதில் மேஜர். ஆனால் கோர்ட்டே கார்டியன் நியமித்த பிள்ளைக்கு 21. அதை 1999-இல்தான் 18 ஆக மாற்றினார்கள்.

விஜயா அத்தை: அண்ணா படித்தாச்சு, நீல டிக் விழுந்துவிட்டது. பதிலைக் காணோம்.

(40 நிமிஷம் கழித்து)

பெரியப்பா: 21ஆ?

கீதா அக்கா: ஆமாம். சின்னத்தாத்தா நினைத்தாலும் முன்னால் ஒப்படைத்திருக்க முடியாது. அதற்காக அவரை உத்தமர் என்று நான் சொல்லவில்லை. கோர்ட்டு கேட்டிருந்தால் சொத்துப் பட்டியலும் வரவுசெலவுக் கணக்கும் கொடுத்திருப்பார். கோர்ட்டில் வைத்திருக்கும் வழக்குக் கட்டிலே அது இருந்தால் நெல் எங்கே போனது என்று தெரிந்துவிடும்.

சங்கர்: கட்டு இன்னும் இருக்குமா அக்கா?

கீதா அக்கா: காலம் பார்த்து அழித்துவிடுவதும் உண்டு. ஓ.பி. நம்பர், வருஷம் போட்டு நகல் மனு கொடுத்துப் பார். நாம் வழக்கில் கட்சிக்காரர் இல்லை, அதனால் எதற்கு வேண்டும் என்று அபிடவிட்டும் (பிரமாணப் பத்திரம்) வைக்க வேண்டும். கிடைத்தால் 1890 கார்டியன் சட்டப்படி போட்ட மனுவை முதலில் எடு. பையன் பிறந்த தேதி, சொத்து எங்கே, என்ன மதிப்பு, நெருங்கிய உறவினர் யார், எந்த ஊர் எல்லாம் அதில் சொல்லியாக வேண்டும். இன்னொன்று: பிரியாத குடும்பச் சொத்தில் மைனர் பங்குக்குப் பொதுவாகக் கார்டியன் போட மாட்டார்கள். அதனால் கார்டியன் போடுவதற்கு முன்னாலேயே பாகம் பிரிந்திருக்கும்.

சங்கர்: விற்ற காரணமும் பத்திரத்தில் இருக்கிறது. "மைனரின் தமக்கை விவாகச் செலவுக்காகக் கோர்ட்டு அனுமதி பெற்று."

விஜயா அத்தை: தமக்கையா? அப்பாவுக்கு ஏது அக்கா?

பெரியப்பா: எனக்கும் தெரியாது.

கீதா அக்கா: கோர்ட்டு கார்டியன் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. அனுமதிக்கும் மனு போட்டிருப்பார், அதில் அந்தத் தமக்கை பெயர் இருக்கலாம்.

விஜயா அத்தை: இருங்கள். பொங்கலுக்குப் பொங்கல் வலங்கைமானுக்கு ஒரு கரும்புக் கட்டும் புடவையும் போகும். யாருக்கு என்று கேட்டால் அப்பா "நம்ம சனம்" என்பார். நான் பள்ளிக்கூடம் விடும் வரைக்கும் போனது.

முரளி மாமா: அப்புறம் ஏன் நின்றது?

விஜயா அத்தை: தெரியவில்லையே. அம்மா இருந்தபோது கேட்டிருக்கலாம்.

பெரியப்பா: சங்கர், திங்கட்கிழமை தஞ்சாவூர் போகலாம். நானும் வருகிறேன். அந்த ஓ.பி. நம்பரைப் பெரிதாக எழுதி அனுப்பு, கண்ணாடி போட்டும் தெரியவில்லை.