பத்தாம் வகுப்பு கணிதம், அறிவியலுக்கு வீட்டு டியூஷன்: ஆசிரியரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

காவிரிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு, சமச்சீர் பாடத்திட்டம், தமிழ் வழி. திருச்சியில் இருக்கிறோம். காலாண்டில் கணிதத்தில் 100க்கு 46, அறிவியல் எழுத்துத் தேர்வில் 75க்கு 38. பக்கத்து டியூஷன் சென்டரில் கூட்டம் அதிகம், அங்கே இவள் வாய் திறந்து சந்தேகம் கேட்பதில்லை. வீட்டுக்கு வந்து சொல்லித்தரும் ஆசிரியர் தேடுகிறோம். இரண்டு பாடத்துக்கும் ஒருவரே போதுமா? எங்கே விசாரிப்பது? நன்றாக நடத்துவாரா என்று முதலிலேயே எப்படித் தெரிந்துகொள்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுண்ணக்கட்டி:
ஆசிரியரைத் தேடுவதற்கு முன்னால் காலாண்டு விடைத்தாளை எடுத்து, அந்த 54 மார்க் எங்கே போனது என்று பாருங்கள் அம்மா. கணித வினாத்தாளில் ஒரு மார்க் 14, இரண்டு மார்க் 10, ஐந்து மார்க் 10, கடைசியில் எட்டு மார்க் இரண்டு. அந்த எட்டு மார்க் கேள்விகளில் ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். இரண்டிலும் 'அல்லது' உண்டு. இந்த 16 மார்க் பயிற்சி செய்தால் கைக்கு வருவது. இதில் மார்க் போயிருந்தால் அதுதான் முதல் வேலை.

தவறுகளை மூன்று வகையாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஆரம்பிக்கவே தெரியாமல் விட்டது. இரண்டு, வழி சரியாகப் போய்க் கூட்டலிலோ குறியிலோ சறுக்கியது. மூன்று, நேரம் போதாமல் விட்டது. மூன்றாவது வகைக்கு டியூஷனே தேவையில்லை. வாரம் ஒரு முழு வினாத்தாளை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுத வைத்தால் போதும். முதல் வகை அதிகமாக இருந்தால் குறை பெரும்பாலும் பத்தாம் வகுப்புப் பாடத்தில் இருக்காது. பின்னம், காரணிப்படுத்தல், ஒருபடிச் சமன்பாடு என்று எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே விட்டுப்போயிருக்கும். காரணிப்படுத்த வராத பிள்ளைக்கு இயற்கணிதப் பாடத்தை எத்தனை முறை நடத்தினாலும் ஏறாது. அதனால் வருகிறவரிடம் விடைத்தாளைக் கொடுத்து, "எங்கிருந்து தொடங்குவீர்கள்?" என்று கேளுங்கள். விடைத்தாளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் "முதல் பாடத்திலிருந்து போர்ஷன் முடித்துவிடலாம்" என்பவர் வேண்டாம்.

ஆய்வுக்கூடம்:
ஒருவரா இருவரா என்பதற்கு அறிவியல் புத்தகத்தைப் பார்த்தாலே பதில் கிடைக்கும். மொத்தம் 23 அலகு. முதல் ஆறு இயற்பியல், அடுத்த ஐந்து வேதியியல், அதன் பிறகு உயிரியல், கடைசியாகக் காட்சித் தொடர்பு. கணக்கு வருவது முதல் 11 அலகில்தான், பக்கத்தில் ஆள் தேவைப்படுவதும் அங்கேதான். உயிரியலுக்குப் படம் வரைந்து பாகம் குறிக்கும் பழக்கமும் தினமும் வாசிப்பதும் இருந்தால் பெரும்பகுதி தானே வந்துவிடும். ஆகவே இயற்பியல் பட்டப்படிப்போடு பி.எட். முடித்தவர் ஒருவர் கிடைத்தால் கணிதம், இயற்பியல் இரண்டையும் அவரே பார்த்துக்கொள்ளலாம். வேதியியலில் 'அணுக்களும் மூலக்கூறுகளும்' பாடத்தின் மோல் கணக்கைச் சொல்லித்தர முடியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளியில் வேலையில் இருக்கும் ஆசிரியரைக் கேட்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 28 ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. அதிலும் மகளின் வகுப்பாசிரியரே என்றால் மார்க் விஷயத்தில் தேவையில்லாத பேச்சு வரும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருப்பவர்கள், கல்லூரியில் எம்.எஸ்ஸி. படிப்பவர்கள், இந்த மூன்று வட்டத்தில் விசாரியுங்கள். போன வருடம் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெற்றோரைக் கேட்பது விளம்பரத்தைப் பார்ப்பதைவிட நல்லது. ஓய்வு பெற்றவராக இருந்தால் இப்போதைய புத்தகம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். 2019இல் பாடநூல் மாறிவிட்டது. பழைய நோட்ஸை வைத்து நடத்தினால் சரிப்படாது.

தமிழ் வழி என்பதால் இன்னொன்று. ஆங்கில வழியில் படித்து வந்தவர் பாடம் தெரிந்தவராக இருந்தாலும் 'ஒளிவிலகல் எண்', 'நேர்க்கோட்டு உந்தம்' போன்ற சொற்களில் தடுமாறினால், பிள்ளை வீட்டில் ஒன்றும் தேர்வில் ஒன்றுமாக எழுதும்.

வரைபடத்தாள்:
டெமோ கிளாஸ் கண்டிப்பாகக் கேளுங்கள். ஆனால் பாடத்தை அவர் விருப்பத்துக்கு விடாதீர்கள், மகளுக்கு வராத கணக்கை நீங்கள் கொடுங்கள். எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் 3 எக்ஸ் கூட்டல் 2 என்பதற்கு வரைபடம் என்று வையுங்கள். எக்ஸுக்கு −4 முதல் 1 வரை போட்டால் 6, 2, 0, 0, 2, 6 வரும். பல பிள்ளைகள் −3இன் வர்க்கத்தை −9 என்று எழுதி, 2 வர வேண்டிய இடத்தில் −16 கொண்டு வருவார்கள். அந்த இடத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். சட்டென்று அடித்துத் திருத்திக் கொடுத்தால் அடுத்த கணக்கிலும் அதே தவறு வரும். "மதிப்பெல்லாம் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் அதேபோல ஏறுகிறது, இந்த ஒன்று மட்டும் ஏன் தனியாக நிற்கிறது?" என்று கேட்டு, அவளையே கண்டுபிடிக்க வைப்பவர் நல்ல ஆசிரியர்.

அறிவியலுக்கு ஒளியியல் கணக்கு ஒன்று கொடுங்கள். குவிலென்ஸ், குவியத் தொலைவு 15 செ.மீ., பொருள் 10 செ.மீ. தொலைவில். குறியீட்டு மரபுப்படி பொருளின் தொலைவு −10. அப்போது 1/15 − 1/10 = −1/30, பிம்பம் −30 செ.மீ., அதாவது பொருள் இருக்கும் பக்கமே மாய பிம்பம். குறியை மறந்தால் 1/15 + 1/10 = 1/6, விடை 6 செ.மீ. என்று வந்து நிற்கும். சூத்திரத்தில் எண்ணைப் போட்டு முடிப்பவரும் உண்டு, முதலில் கதிர்ப்படம் வரைந்து "பிம்பம் எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்பவரும் உண்டு. இரண்டாமவரைப் பிடியுங்கள்.

ஒரு மணி நேரத்தில் பேனா யார் கையில் அதிக நேரம் இருந்தது என்பதையும் பாருங்கள். பாதி நேரத்துக்கு மேல் மகள் கையில் இருக்க வேண்டும். கேள்வி கேட்கவே கூச்சப்படும் பிள்ளைக்கு மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம்.

காவிரிக்கரை:
மிக்க நன்றி. விடைத்தாளைப் பார்த்தேன், முதல் வகைதான் அதிகம். வடிவியலில் உதவிப்படமே போடவில்லை. இப்போது இரண்டு பேரிடம் பேசியிருக்கிறோம். ஒருவர் மாதம் 3,600, பன்னிரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இன்னொருவர் 4,500, அதே பன்னிரண்டு, ஆனால் ஒன்றரை மணி நேரம். மூன்று மாதப் பணம் முன்கூட்டியே கேட்கிறார்.

சுண்ணக்கட்டி:
மணிக்கணக்காக்கிப் பாருங்கள். முதலாமவர் மணிக்கு 300, இரண்டாமவர் 18 மணி நேரத்துக்கு 4,500, மணிக்கு 250. ஒன்பதாம் வகுப்பு அடிப்படையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதால் ஒன்றரை மணி நேரம் நல்லது. அரை மணி பழையது, ஒரு மணி புதியது. வாரம் மூன்று நாளில் இரண்டு கணிதத்துக்கு, ஒன்று அறிவியலுக்கு. ஆனால் மூன்று மாத முன்பணம் கொடுக்காதீர்கள். மாதா மாதம் தருகிறோம், அவர் வராத வகுப்பை அதே மாதத்தில் ஈடுசெய்ய வேண்டும், இவள் வராவிட்டால் எத்தனை மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும் என்று வாட்ஸப்பில் எழுதி இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள்.

மாதக் கடைசியில் நடத்திய பாடத்துக் கணக்கை எண்களை மட்டும் மாற்றி நீங்களே ஐந்து கொடுங்கள். எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுவிட்டு, எண் மாறினால் திணறினாள் என்றால் மனப்பாடம்தான் நடந்திருக்கிறது. முதலில் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அடுத்த மாதமும் அப்படியே என்றால் ஆளை மாற்றுங்கள், அரையாண்டு வரை காத்திருக்க வேண்டாம்.

ஆய்வுக்கூடம்:
ஏற்கெனவே அவர் சொல்லித்தரும் இரண்டு வீட்டாரின் எண்ணை வாங்கிப் பேசுங்கள், அடையாள அட்டையைப் பாருங்கள். வகுப்பு ஹாலில் நடக்கட்டும், வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். எந்த ஆசிரியராக இருந்தாலும் இது பொது விதி.

அறிவியலில் இன்னொரு விஷயம். 25 மார்க் செய்முறைக்கு உரியது, தேர்ச்சிக்கு அதில் 15ம் எழுத்தில் 20ம் தனித்தனியாக வேண்டும். செய்முறைக்கு டியூஷன் ஆசிரியரை நம்ப வேண்டாம். பள்ளி ஆய்வகத்தில் ஒரு சோதனையையும் விடாமல் செய்து, ரெக்கார்டு நோட்டில் அன்றன்றே கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். தேர்வு நெருங்கும்போது மொத்தமாக எழுத உட்கார்ந்தால் படிக்கிற நேரம் அதிலேயே போய்விடும்.