காக்காய்க்குச் சோறு வைக்க முடியாத ஊரில்: உங்கள் வீட்டுப் பக்கத்துப் பறவைகளைப் பற்றிச் சொல்லுங்கள்

அங் மோ கியோவிலிருந்து:

போன தை அமாவாசைக்கு மாமியார் மன்னார்குடியிலிருந்து வந்திருந்தார். படையல் முடிந்ததும் வாழையிலைத் துண்டில் ஒரு உருண்டைச் சோறும் பருப்பும் எடுத்துக்கொண்டு காரிடார் பக்கம் போனார். நான்தான் தடுத்தேன். இங்கே சிங்கப்பூரில் பறவைகளுக்குத் தீனி போடக்கூடாது, 2020 ஜூனிலிருந்து சட்டம் இன்னும் கடுமையாகிவிட்டது, முதல் தடவைக்கே 5,000 வெள்ளி (டாலர்) வரை அபராதம் என்று சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "காக்காய் எடுக்காம நாம எப்படிம்மா இலை போடறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

சோற்றைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு சமையலறைச் சன்னலில் போய் நின்றார். "சரி, பார்க்கவாவது பார்க்கிறேன்."

எங்களுடையது ஒன்பதாவது மாடி. கீழே பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் உச்சியை மேலிருந்து பார்க்கலாம் என்பது பதினோரு வருடம் அங்கே குடியிருந்த எனக்கு அன்றுதான் உறைத்தது. மறுநாளிலிருந்து காலைக் காப்பியோடு அத்தை அங்கேதான் நிற்பார். நானும் கூடப் போய் நிற்க ஆரம்பித்தேன்.

ஒரு காகம் துணி மாட்டும் ஹேங்கர் கம்பியைக் கவ்விக்கொண்டு வந்தது. கம்பி கிளைகளில் சிக்கிச் சிக்கி விழப் பார்த்தது. அது அலகை மாற்றி மாற்றிப் பிடித்து, நடுவில் காலால் அழுத்திக்கொண்டு, கால் மணி நேரம் போராடிக் கூட்டில் சொருகியது. நாங்கள் இருவரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். உணவங்காடியில் தட்டுப் பக்கம் வந்தாலே விரட்டிய பறவையை அவ்வளவு நேரம் நான் பார்த்ததே கிடையாது.

சில வாரம் கழித்து அதே மரத்தில் ஒரு குஞ்சு வாயைப் பிளந்து கத்த, காகம் ஊட்டிக்கொண்டிருந்தது. குஞ்சின் குரலே வேறு மாதிரி இருந்தது. அத்தைதான் கண்டுபிடித்தார், "அது குயில் குஞ்சுடி!" குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. என் சன்னலுக்குக் கீழேயே நடக்கும் என்று நினைத்தேனா?

இங்குள்ள காகங்களைப் பற்றித் தேடியபோது ஒன்று படித்தேன். காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்காக, நூறு வருடத்துக்கும் முன்னால், இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் காகங்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். என் கொள்ளுத் தாத்தாவும் தோட்ட வேலைக்கென்று கப்பலேறி மலாயா வந்தவர்தான். அதைப் படித்த பிறகு அந்தச் சாம்பல் கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பக்கம் என்ன வருகிறது? எழுதுங்களேன்.

ஈசூனிலிருந்து:

அக்கா, எங்கள் காரிடாரில் தொங்கும் மணி பிளான்ட் தொட்டியில் தேன்சிட்டு கூடு கட்டியது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பறவை. இருவருக்கும் மஞ்சள் வயிறு, ஆணுக்கு மட்டும் தொண்டை கருநீலமாக மின்னும். கட்டுவதெல்லாம் பெண்தான். காய்ந்த புல், பஞ்சு, எங்கள் கதவு மூலையில் இருந்த சிலந்தி வலை, எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு சின்னச் சுருக்குப் பை மாதிரி, பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேலே மழை படாமல் ஒரு சிறு தாழ்வாரம்கூட! அன்றிலிருந்து ஒட்டடை அடிப்பதை நிறுத்திவிட்டோம்.

முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்கும் வரை ஏறக்குறைய ஒரு மாதம். அதுவரை மகள் அந்தத் தொட்டிக்கு ஓரமாக மட்டும் தண்ணீர் ஊற்றினாள். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாட்டி தன் பூனையை வெளியே விடவில்லை. நாங்கள் கேட்கவே இல்லை, அவராகவே செய்தார். குஞ்சுகள் போன அன்று அவர்தான் முதலில் வந்து கதவைத் தட்டிச் சொன்னார். பழைய கூட்டை இன்னும் எடுக்க மனம் வரவில்லை.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து:

எனக்குக் குயில். இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுக்கும் நேரத்தில்தான் ஆரம்பிக்கும். எங்கள் புளோக்கில் அதன்மேல் குறைப்பட்டுக்கொள்ளாத ஆள் இல்லை, நானும் பட்டிருக்கிறேன். போன வருடம் அப்பா தவறியபோது ஊருக்குப் போக முடியாமல் இங்கேயே இருந்தேன். அன்று விடியும் முன்னால் அது கூவியது. எங்கள் வீட்டுக் கொல்லை மாமரம், அப்பாவின் கயிற்றுக் கட்டில், எல்லாம் வந்துவிட்டது. இப்போது கூவாத நாளில்தான் தூக்கம் வருவதில்லை.

மைனாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் இங்கே தினம் பார்ப்பது பெரும்பாலும் ஊர் நாகணவாய் இல்லை, ஜாவா மைனா. கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் இருக்காது, நெற்றியில் சின்னக் கொண்டை இருக்கும். 1920களில் கூண்டுப் பறவையாக வந்தது. சொந்த ஊரான ஜாவாவில் பிடித்துப் பிடித்து விற்றே அருகிவிட்டதாம்.

பாசிர் ரிஸிலிருந்து:

இருவாச்சி! ஆறாவது மாடிக் கைப்பிடிச் சுவரில், துணி காயப்போட்ட எனக்கு இரண்டு கை தூரத்தில் வந்து உட்கார்ந்தது. அலகுக்கு மேல் இன்னொரு அலகு. கண்ணைச் சாய்த்து என்னையே பார்த்தது. பறந்தபோது இறக்கைச் சத்தம் விசிறி வீசுவதுபோலக் கேட்டது.

சிங்கப்பூரில் நூறு வருடத்துக்கு மேல் இல்லாமல் போயிருந்த பறவை. 1994ல் புலாவ் ஊபின் தீவில் மறுபடி தென்பட்டது. கூடு வைக்கப் பெரிய மரப்பொந்துகள் போதவில்லை என்று 2004 முதல் மரங்களில் பெட்டிகள் பொருத்தினார்கள். பெண் உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஆண் அந்தச் சின்னப் பிளவு வழியாகப் பழம் ஊட்டும். பெட்டி செய்து மரமேறி மாட்டிய அத்தனை பேருக்கும் என் கும்பிடு.

அங் மோ கியோவிலிருந்து:

எல்லோர் எழுதியதையும் அத்தைக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். தேன்சிட்டுக் கூட்டின் தாழ்வாரத்தை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அடுத்த முறை வரும்போது இருவாச்சி பார்க்க வேண்டுமாம். பாசிர் ரிஸ் தம்பி, ஊபின் படகுக்கு முன்பதிவு ஏதும் வேண்டுமா?

பாசிர் ரிஸிலிருந்து:

வேண்டாம் அக்கா. சாங்கி முனையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பிவிடும். அம்மாவைக் காலையிலேயே கூட்டிக்கொண்டு வாருங்கள், நானும் வருகிறேன்.