சிடி டிரைவுக்கு எஃப்எஸ்டேப் வரி இன்னும் வேண்டுமா?

நூல்கண்டு: பழைய லினக்ஸ் கணினியின் எஃப்எஸ்டேப் கோப்பை (எந்த டிரைவை எந்த அடைவில் மவுண்ட் செய்வது, அதாவது இணைப்பது, என்ற பட்டியல்) அப்படியே புதியதில் போட்டேன். சிடி டிரைவுக்கான வரியில் /டெவ்/எச்டிசி என்று இருக்கிறது. அப்படி ஒரு சாதனமே இல்லையாம். இப்போதுள்ளது யுஎஸ்பி டிரைவ். பெயரை மாற்றினால் போதுமா, வரியையே தூக்கிவிடலாமா?

முனையம்: பெயரை மாற்றுங்கள். எச்டிசி என்பது பழைய ஐடிஇ கேபிள் இணைப்புக் காலத்துப் பெயர், இரண்டாவது கேபிளின் முதல் டிரைவ். இப்போது சாட்டா, யுஎஸ்பி எதுவானாலும் லினக்ஸின் மையமான கர்னல் அதை ஸ்கஸி (இன்னொரு இணைப்பு முறை) சாதனம் போலத்தான் பார்க்கும், பெயர் எஸ்ஆர்0. முதலில் டிமெஸ்ஜி (கர்னலின் செய்திகளைக் காட்டும் கட்டளை) ஓட்டி அந்தப் பெயர் வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் கோளாறு கேபிளிலோ மின்சாரத்திலோ இருக்கலாம், எஃப்எஸ்டேப்பை எத்தனை முறை திருத்தியும் பயனில்லை. வந்தால் ஐஎஸ்ஓ9660 (தரவு சிடியின் கோப்பு முறைமை), ஆர்ஓ (படிக்க மட்டும்), யூசர் (சாதாரணப் பயனரும் மவுண்ட் செய்யலாம்), நோஆட்டோ (தொடக்கத்தில் தானாக மவுண்ட் ஆகாது) என்று எழுதுங்கள்.

சாளரம்: எழுதவே வேண்டாம். தட்டைப் போட்டால் டெஸ்க்டாப்பே யூடிஸ்க்ஸ் என்ற பின்னணிச் சேவை மூலம் மவுண்ட் செய்துவிடும். அந்த நோஆட்டோவை மறந்துவிட்டு, டிரைவைச் சொருகாமல் கணினியைத் தொடங்கிப் பாருங்கள். கணினியைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருக்கும், அப்புறம் அவசர நிலையில் போய் நிற்கும். ஒரு சிடிக்கு இது தேவையா?

முனையம்: மறந்தால்தானே! யூடிஸ்க்ஸ் தானாக எதையும் மவுண்ட் செய்யாது, டெஸ்க்டாப் கேட்டால்தான் செய்யும். டெஸ்க்டாப் இல்லாத சர்வரில் யார் கேட்பார்கள்? எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து நீங்களே கேட்டாலும் வழக்கமான அமைப்பில் அனுமதிகளைக் கவனிக்கும் போல்கிட் நிர்வாகி கடவுச்சொல் கேட்கும்.

சாளரம்: அவர் சர்வர் என்று சொல்லவே இல்லையே.

அவசரக்காரன்: எதற்கு இவ்வளவு பேச்சு? சாதனக் கோப்பை எல்லோரும் படிக்க, எழுத விடும் சிஎச்மாட் 666 அடித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

முனையம்: அடித்தாலும் சாதாரணப் பயனரால் மவுண்ட் செய்ய முடியாது. அந்த உரிமை சாதனக் கோப்பின் அனுமதியில் இல்லை. போதாததற்கு சாதனக் கோப்புகள் உள்ள /டெவ் நினைவகத்தில் இருப்பது, மறுதொடக்கத்தில் உங்கள் 666 காணாமல் போகும். தட்டு எழுதவோ பாட்டை உருவவோ அனுமதி வேண்டுமானால் பயனரை சிடிராம் குழுவில் சேர்ப்பதுதான் முறை.

சாளரம்: இதில் மட்டும் முனையத்தோடு ஒத்துப்போகிறேன்.

நூல்கண்டு: எஸ்ஆர்0 வந்தது, வரியும் வேலை செய்கிறது. ஆனால் ஒரு தட்டுக்கு மட்டும் 'தவறான கோப்பு முறைமை' என்கிறது. இன்னொன்றில் உள்ள நிறுவல் ஸ்கிரிப்ட் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்கிறது.

முனையம்: முதலாவது பாட்டுத் தட்டா? அதில் கோப்பு முறைமையே கிடையாது. தரவுத் தட்டில் செக்டருக்கு 2048 பைட் தரவு, பாட்டுத் தட்டில் 2352 பைட்டும் வெறும் ஒலி. மவுண்ட் செய்யாமல் பிளேயரில் திறங்கள். இரண்டாவதற்குக் காரணம் யூசர் விருப்பம். அது நோஎக்ஸெக்கையும் (நிரல்களை ஓட்டத் தடை) கூடவே இழுத்துவரும். அதற்குப் பின்னால் எக்ஸெக் சேருங்கள்.

சாளரம்: ஒரு வரிக்கு எத்தனை பின்குறிப்பு பாருங்கள்!

முனையம்: என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிகிறதே. ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு இயங்குதளத்துக்குப் போனால் பெயர் சிடி0, வகை சிடி9660, அவ்வளவுதான் வித்தியாசம்.

சாளரம்: சாதாரணப் பயனர் மவுண்ட் செய்ய அங்கே விஎஃப்எஸ்.யூசர்மவுண்ட் என்ற கர்னல் அமைப்பை 1 ஆக்கவேண்டும், மவுண்ட் செய்யும் அடைவும் அவருடையதாக இருக்கவேண்டும். அதை விட்டுவிட்டீர்களே.

நூல்கண்டு: சண்டைக்கு நடுவே ஒன்று: தட்டு வெளியே வரமாட்டேன் என்கிறது, 'பயன்பாட்டில் உள்ளது' என்று வருகிறது.

சாளரம்: ஏதாவது டெர்மினல் அந்த அடைவுக்குள்ளேயே நிற்கிறதா? வெளியே வந்துவிட்டு இஜெக்ட் அடியுங்கள். அப்படியும் வராவிட்டால் எல்எஸ்ஓஎஃப் கட்டளை யார் பிடித்திருக்கிறார் என்று சொல்லும்.