அல்கொன்குவின் ஏரிகளில் கனூப் பயணம்: இன்னும் மனத்தை விட்டு அகலாத சந்திப்புகள்

ஸ்காபரோவிலிருந்து ஒரு தகப்பன்:

கனடாவின் ஒன்ராறியோவிலுள்ள அல்கொன்குவின் பூங்காவின் கனூ லேக்கில் படகை இறக்கி, ஜோ லேக்குக்குப் போகும் அந்த 300 மீற்றர் போர்ட்டேஜை (படகைத் தூக்கி நடக்கும் தரைவழியை) தாண்டிவிட்டால், டொம் தொம்சன் லேக் வரை படகைத் தோளில் தூக்க வேண்டியதில்லை என்பது இங்கே எழுதுகிறவர்களுக்குத் தெரியும். ஒரே நாளில் முடிக்கக்கூடிய அந்த வழிக்கு நானும் பதினொரு வயது மகனும் நான்கு நாள்களை ஒதுக்கியிருந்தோம். ஆறுதலாகப் போக வேண்டும் என்பது மட்டுமே எங்கள் நோக்கம். ஜூன் கடைசி. இரண்டாம் நாள் விடியற்காலையில், டீப்பீ லேக்குக்கு அப்பால் நீர்வழி ஒடுங்கி வளையும் இடத்தில், வலப்பக்கம் ஒரு பாறை அசைந்தது. பாறை என்றுதான் நினைத்தேன். அது தலையைத் தூக்கியபோது இரு காதுகளிலிருந்தும் தண்ணீர் ஊற்றியது. வாயில் அல்லிக் கொடியொன்று நீளமாகத் தொங்கியது. நெஞ்சளவு தண்ணீரில் ஒரு பெண் மூஸ், மான் இனத்தின் மிகப் பெரிய விலங்கு, எங்களிடமிருந்து ஒரு பேருந்தின் நீளத்துக்குள் நின்றது.

முன்னால் இருந்த மகன் எனக்கு ஏதோ சொல்லத் திரும்பியவன், என்னைப் பார்க்காமல் இடக்கரையைப் பார்த்தான். “அப்பா, அங்கே குட்டி நிற்குது” என்றான், மிக மெதுவாக. தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் எங்கள் படகு மிதந்துகொண்டிருந்தது. என் துடுப்பு அந்தரத்தில் நின்றுவிட்டது. அதன் நுனியிலிருந்து சொட்டிய நீரின் ஒலி இப்போதும் கேட்கிறது. துடுப்பைப் பின்புறமாக இரண்டு முறை வலித்து, படகை அந்த இடைவெளியிலிருந்து வெளியே எடுத்தது என் மகன். படகின் பின்னால் அமர்ந்து வழிநடத்த வேண்டியவன் நான். அந்தச் சில நொடிகள் நான் எங்கே போயிருந்தேன் என்பதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

மார்க்கத்திலிருந்து ஒரு வாசகி:

எங்களுடையது ஸ்மோக் லேக், ஜூலை மாதம். லூன் பறவையொன்று குஞ்சை முதுகில் ஏற்றிக்கொண்டு போவதைக் கண்டோம். கனடிய ஒரு டொலர் நாணயத்தில் 1987 முதல் எல்லாரும் பார்க்கும் பறவைதான். ஆயினும் கோடையில் அதன் கண் எவ்வளவு சிவப்பு என்பதை நாணயம் சொல்லாது. படம் எடுப்பதற்காகக் கணவர் படகை நெருக்கினார், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டென்று குஞ்சு நீரில் இறங்க, அந்தப் பறவை தண்ணீரின் மேல் நேராக எழுந்து நின்று, சிறகுகளை அடித்தபடி எங்களை நோக்கி வந்தது. நடனமாடுகிறது என்று எண்ணிக் கை தட்டினோம்.

அது அச்சத்தின் உச்சத்தில் செய்வது என்றும், குஞ்சைக் காக்க உடல் வலுவையெல்லாம் செலவழிக்கிறது என்றும் வீடு திரும்பிய பின்தான் படித்தறிந்தேன். கூடத்துச் சுவரில் மாட்டிய அந்தப் படத்தைக் கழற்றிவிட்டேன். அழகான படம் என்று பலர் சொன்னார்கள். நான் அதில் காண்பது அந்தப் பறவையின் திறந்த அலகை மட்டுமே.

மிசிசாகாவிலிருந்து ஒருவர்:

முதலில் எழுதிய அண்ணா மன்னிக்க வேண்டும். கன்று ஈன்ற மூஸ் கரடியைக் காட்டிலும் ஆபத்தானது என்பதை அறிந்தவர், ஜூன் மாதத்தில் ஒடுங்கிய நீர்வழியில் விடிவதற்கு முன்னரே பிள்ளையோடு போயிருக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது காதுகளைப் பின்னால் மடக்கியிருந்தாலோ, பிடரி மயிர் சிலிர்த்திருந்தாலோ உங்கள் கதை வேறாக இருந்திருக்கும்.

என் அனுபவம் சிறியது. ஒப்பியோங்கோ லேக்கில் ஓர் இரவு, மகளின் பையில் மறந்துபோன ஒரு சொக்லேட்டுக்காகக் கரடி வந்தது; கூடாரத் துணி அதன் மூக்கின் வடிவில் மகளின் தலைக்கு மேலே உள்நோக்கி அழுந்தியது. பாத்திரங்களைத் தட்டிச் சத்தமிட்டோம், போய்விட்டது.

ஆகவே புதிதாகப் போகிறவர்கள் தயவுசெய்து இதைக் கேளுங்கள். உணவு மட்டுமல்ல, பற்பசையும் சவர்க்காரமும்கூடக் கூடாரத்துக்குள் இருக்கக்கூடாது. எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி, நிலத்திலிருந்து நான்கு மீற்றர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளித் தொங்கவிடுங்கள். உட்பகுதி ஏரிகளுக்குத் தகர டின்களையும் கண்ணாடிப் போத்தல்களையும் கொண்டுபோகத் தடை உண்டு என்பதால், மீன் டின்னை நம்பிச் சமையலைத் திட்டமிடாதீர்கள். அரிசி, பருப்பு, வறுத்த மா போதும். பெரிய ஏரிகளைக் காற்று எழும்புமுன் காலையிலேயே கடந்துவிடுங்கள். நீச்சல் தெரிந்தவரும் உயிர்காப்பு அங்கியை அணிந்தே இருக்க வேண்டும். படகில் வைத்திருப்பது அணிவதாகாது. அந்த ஏரிகளை நன்கறிந்த ஓவியர் டொம் தொம்சன் 1917 ஜூலையில் கனூ லேக்கில்தான் இறந்தார், நீரில் மூழ்கியதாகவே பதிவு செய்யப்பட்டது. 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்தப் பூங்காவின் உட்பகுதியில் பெரும்பாலும் கைபேசி வேலை செய்யாது. எந்த ஏரியில் எந்த இரவு தங்குகிறீர்கள் என்பதை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஏஜாக்ஸிலிருந்து ஓர் அம்மா:

மிசிசாகாத் தம்பி சொல்லும் முறைகள் எல்லாம் சரியானவை. ஆனால் அந்தத் தகப்பன் பிள்ளையோடு போயிருக்கக்கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. அன்று படகைக் காத்தது அந்தப் பிள்ளைதானே.

நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போர்க்காலத்தில், கைக்குழந்தையோடு, இரவில் யாழ்ப்பாணத்தின் கிளாலிக் கடல் நீரேரியைப் படகில் கடந்தவள். விளக்கில்லை, யாரும் பேசவில்லை. குழந்தையின் வாயை என் தோளோடு அழுத்திப் பிடித்திருந்தேன். அதற்குப் பிறகு இருட்டில் சிறிய படகெதிலும் ஏறியதில்லை. அந்தக் குழந்தை வளர்ந்து, டொம் தொம்சன் லேக்கில் ஓர் இரவு நட்சத்திரம் காட்டுவதற்காக என்னைக் கனூவில் ஏற்றினாள். ஏரியின் நடுவில் துடுப்பை மடியில் வைத்துவிட்டு அவளும் பேசாமல் இருந்தாள். அந்த மௌனத்தில் எனக்கு உடல் நடுங்கத் தொடங்கியது.

அப்போது மிக அருகில், நீர்மட்டத்திலிருந்தே, ஒரு நீண்ட ஓலம் எழுந்தது. படகின் விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டேன். “அம்மா, அது லூன். பிரிந்திருக்கும் சோடியைத் தேடிக் கூப்பிடுகிறது” என்றாள். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு மலைக்கு அப்பாலிருந்து, வேறு ஏதோ ஏரியிலிருந்து, அதே ஓலம் மெல்லியதாகத் திரும்பி வந்தது. நான் அழுதேன். கிளாலியைப் பற்றி மகளுக்கு அன்றுவரை சொன்னதில்லை. அந்தப் படகில் வைத்துத்தான் சொன்னேன்.

ஸ்காபரோவிலிருந்து முதலில் எழுதியவர்:

அம்மா, உங்கள் பதிவை மகனுக்கும் படித்துக் காட்டினேன். மிசிசாகா நண்பருக்கு: இருவரும் உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தோம், வளைவைத் திரும்பும்வரை மூஸ் கண்ணில் படவில்லை. கோடையின் தொடக்கத்தில் உப்புச் சத்துக்காக அவை நீர்த்தாவரங்களைத் தேடி இறங்கும் என்பதை அறிந்திருந்தும், அந்த வளைவில் ஓசையெழுப்பாமல் போனது என் பிழை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்றை எழுத விட்டுவிட்டேன். நாங்கள் பின்வாங்கிய பிறகு தாய் எங்கள் முன்னாலேயே குறுக்கே நீந்தி இடக்கரையை அடைந்தது. செம்மண் நிறத்தில் இருந்த அந்தக் கன்று கரையேறும்போது சேற்றில் ஒரு முறை வழுக்கியது. தாய் நின்று, அது எழும்வரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.